புழு இல்லாத கத்திரிக்காய்

தாம்பரம் ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவர் ரத்தினபாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. துவாரத்துக்குள் நீளும் கையைத்தான் பார்ப்பார். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கைக்கு முன்னால் ஒரு கத்திரிக்காய் வந்து கண்ணாடியில் முட்டியது. நிமிர்ந்தால், கழுத்தில் கத்திரிக்காய் மாலையோடு ஒரு ஆள் குனிந்து நிற்கிறார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லார் கழுத்திலும் அதே மாலை.

"பீச்சு ஸ்டேஷனுக்கு டிக்கெட்டு குடும்மா, எல்லாருக்கும்."

"எதுக்குங்க இந்த மாலை?"

"கத்திரிக்காய்க்குள்ள ஏதோ கிருமியோட ஜீனை நொழைச்சி வெதை வுடப் போறாங்களாம்மா. அத்தத் துன்னா புழு செத்துடுமாம். புழு சாவுற காயை மனுசன் துன்னா இன்னா ஆவான்னு கேட்டுட்டு வரப் போறோம்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். ரத்தினபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அதற்கு யாரிடமாவது பதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தன்னை யாரும் கேட்கவே இல்லையே என்பதுதான் அவருக்கு உறுத்தியது. முடிச்சூரில் வீடு, மார்க்கெட்டில் காய், தட்டில் சோறு. இதில் எந்த இடத்திலும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. கடையில் குவித்து வைத்திருப்பதை அள்ளிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மாலைபோட்ட அந்த ஆள் மறுபடி வந்தபோது ரத்தினபாய் அவர் பெயரைக் கேட்டார். பொன்னுரங்கம். கேளம்பாக்கத்துக்கு மேற்கே, வண்டலூர் ரோட்டை ஒட்டிய ஊர். அவருடைய பங்காளிகள் எல்லாம் நிலத்தை மனையாக்கி விற்று, அந்தப் பணத்தில் வீடு கட்டி வாடகை வாங்கிச் சாப்பிட, இவர் மட்டும் கிணற்றடி நிலத்தை வைத்துக்கொண்டு வரிக் கத்திரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கவுண்டரைப் பூட்டிய கையோடு ரத்தினபாய் அவர்கள் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்டேஷன் வாசலில் நின்று மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்கினார். ரயில்வே ஊழியர் இப்படி நிற்கக்கூடாது என்று மேலதிகாரி சொன்னபோது, "டியூட்டி முடிஞ்சிட்டா நானும் கத்திரிக்காய் வாங்குறவதான் சார்," என்றார்.

அந்தக் கத்திரியை அரசாங்கம் அப்போது நிறுத்தி வைத்தது. ஊரெல்லாம் கூடிக் கத்தியதில் தங்கள் கத்தலும் கொஞ்சம் இருந்தது என்று ரத்தினபாய்க்கு ஒரு பெருமை.

அதிலிருந்து பொன்னுரங்கம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். முடிச்சூரில் வெள்ளம் புகுந்த வருஷம், ரத்தினபாயும் கணவர் ஆபேலும் மொட்டை மாடியில் நனைந்து உட்கார்ந்திருந்தபோது, டிராக்டரை எடுத்துக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தவர் அவர்தான். ஆபேலுக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் கேக்கு போகும். பொங்கலுக்கு அவர் மனைவி பச்சையம்மா கரும்போடு வருவாள். ரத்தினபாய்க்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது. பொன்னுரங்கம் "அக்கா" என்று கூப்பிட்டபோது அவர் வெறும் மரியாதைக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு ரத்தினபாய் வீட்டில் சும்மா இருக்கவில்லை. நாவலூர் அபார்ட்மெண்ட்டில் குடியிருந்த அனுப்பிரியா என்ற ஐ.டி. கம்பெனிப் பெண்ணோடு சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். மரபணு மாற்றாத, மருந்தடிக்காத காய்கறியை விவசாயியிடமிருந்து நேராக வாங்கி, சனிக்கிழமைதோறும் குடும்பங்களுக்குக் கொடுப்பது. கூடவே கூட்டம், பிரசாரம், மனு. அனுப்பிரியாவுக்குப் பேச்சு சாமர்த்தியம் உண்டு, போனிலேயே நூறு குடும்பத்தைச் சேர்த்துவிட்டாள். காய்க்கு ஆள் யார்? பொன்னுரங்கம்தான். "எங்க பொன்னுரங்கம் தோட்டத்துக் காய்" என்று ரத்தினபாய் சொன்னால் போதும், நாவலூரில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

ஒரே ஒரு தகராறு இருந்தது. மருந்தடிக்காத கத்திரியில் புழு விழும். பொன்னுரங்கம் வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்தார், பூச்சி வந்து விழ விளக்குப்பொறி வைத்துப் பார்த்தார். சில மாதம் குறையும், சில மாதம் பாதிக் காய் சொத்தையாகப் போகும். குழுவில் இருந்தவர்கள் நறுக்கிய காயைப் படம் எடுத்து அனுப்புவார்கள். சிவப்பு வட்டம் போட்டு, நடுவில் புழு. 'இதைத்தான் ஆர்கானிக் என்கிறீர்களா?' என்று கீழே ஒரு வரி. அனுப்பிரியா அதை ரத்தினபாய்க்கு அனுப்புவாள். ரத்தினபாய் அதைப் பொன்னுரங்கத்துக்கு அனுப்பி, "கொஞ்சம் பார்த்துப் பொறுக்கி அனுப்புங்க தம்பி," என்று குரல்பதிவு போடுவார். பொன்னுரங்கம் "சரிக்கா" என்பார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

போன வருஷத் தொடக்கத்தில், பருவமழை ஓய்ந்த பிறகு, புழு நின்றுவிட்டது.

முதலில் கவனித்தவர் ஆபேல்தான். அவர் கத்திரிக்காய்ப் பிரியர். காய் நறுக்குவதும் அவர் வேலை. "இப்பல்லாம் ஒரு காய்கூட சொத்தை இல்ல பாத்தியா? நறுக்குறதுக்கே சுகமா இருக்கு," என்றார். காயும் முன்பைவிடச் சற்று நீளமாக, பளபளவென்று இருந்தது. பொன்னுரங்கத்திடம் கேட்டபோது, "புது நாத்துக்கா. நம்ம வரிக் கத்திரியிலயே ஒரு ரகம்," என்றார். ரத்தினபாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்தும் இல்லாமல் மரபணு மாற்றமும் இல்லாமல் புழுவை ஜெயித்துவிட்டார் எங்கள் தம்பி என்று போகிற இடமெல்லாம் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மரபணு மாற்றிய பயிர்களை மறுபடி கொண்டுவரப் போவதாகப் பேச்சு அடிபட்டது. தாம்பரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குழு ஒரு ஆர்ப்பாட்டம் நடத்தியது. பொன்னுரங்கம் கத்திரிக்காய் மாலைகள் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றைத் தன் கையாலேயே ரத்தினபாய் கழுத்தில் போட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோஷம் போட்டார்கள். "வேணாம் வேணாம், மாத்துன வெதை வேணாம்!" என்று பொன்னுரங்கம் கத்திய கத்தலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சில வாரம் கழித்து, நாவலூர் அபார்ட்மெண்ட்டின் ஹாலில் ஒரு பெரிய விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அனுப்பிரியா ஏற்பாடு செய்தாள். வெளியூர்ப் பேச்சாளர்கள், டி.வி. ஆட்கள் எல்லாம் வருவதாக இருந்தது. மாற்றிய காயை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று மேடையில் செய்துகாட்டுவதற்காகச் சோதனைப் பட்டைகள் வரவழைத்திருந்தாள். முந்தின நாள் ஒத்திகை பார்க்கலாம் என்று ரத்தினபாயை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சுத்தமான காய்க்கு உதாரணமாகக் காட்ட, ரத்தினபாய் பையில் பொன்னுரங்கத்தின் கத்திரிக்காயைக் கொண்டுபோயிருந்தார்.

அனுப்பிரியா காயில் ஒரு துண்டை நசுக்கி, சின்னக் குழாயில் இருந்த திரவத்தில் கலக்கி, பட்டையை அதில் நிறுத்தினாள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிதான். ஒரு கோடு என்றால் சாதாரணக் காய். இரண்டு கோடு என்றால் மாற்றிய காய்.

ஒரு கோடு வந்தது. அதற்குக் கீழே மெல்ல இன்னொரு கோடு வந்தது.

"பட்டை கெட்டுப் போயிருக்கும்," என்றார் ரத்தினபாய்.

அனுப்பிரியா ஃபிரிட்ஜிலிருந்து கடையில் வாங்கிய கத்திரிக்காய் ஒன்றை எடுத்துச் சோதித்தாள். ஒரே கோடு. திரும்பவும் பொன்னுரங்கத்தின் காய், வேறொன்று. இரண்டு கோடு. பைக்குள் இருந்த கடைசிக் காய் வரைக்கும் பார்த்தார்கள். ரத்தினபாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். இத்தனை மாதமாகச் சனிக்கிழமைதோறும் தன் வாயால் உத்தரவாதம் சொல்லி எத்தனை வீட்டுக்கு இதைக் கொடுத்திருக்கிறோம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகக் கேளம்பாக்கம் போய் பஸ் மாறி, பொன்னுரங்கத்தின் தோட்டத்துக்குப் போனார். பொன்னுரங்கம் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பச்சையம்மா கூடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா, இன்னாக்கா சொல்லாம கொள்ளாம?" என்று பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, இது என்ன நாத்து?"

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதிலேயே ரத்தினபாய்க்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை.

"தெரியாம வாங்கினீங்களா? யாராவது ஏமாத்திக் குடுத்துட்டாங்களா? அப்படின்னா சொல்லுங்க, நான் நம்புறேன்."

அவர் கெஞ்சுவதுபோல்தான் கேட்டார். ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அன்று ரத்தினபாய் நம்பியிருப்பார். பொன்னுரங்கம் துண்டால் காலைத் துடைத்தார். பச்சையம்மாதான் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"தெரிஞ்சுதான்க்கா வாங்குனாரு. வடக்கத்தி நாத்து, புழு விழாதுன்னு ஒரு நர்சரிக்காரன் வந்து சொன்னான். நான்தான் வாங்கச் சொன்னேன்."

"நீ கம்முனு கெட," என்றார் பொன்னுரங்கம். பிறகு ரத்தினபாயைப் பார்க்காமல் செடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மருந்து அடிச்சா வாணாம்ன்றீங்க. புழு இருந்தா அதுவும் வாணாம்ன்றீங்க. போட்டோ புடிச்சு அனுப்பிகினே இருந்தீங்களேக்கா. ராவுல படுத்தா அந்தச் செவப்பு வட்டந்தான் கண்ணுல நிக்கும். பாதி காயை மாட்டுக்குப் போட்டுகினு கீறேன், மீதிய நீங்க திருப்பி அனுப்புறீங்க. நான் இன்னாதான் பண்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

குழுவில் பேசியிருப்பேன், புழு இருந்தாலும் வாங்கச் சொல்லியிருப்பேன் என்று சொல்ல ரத்தினபாய்க்கு வாய் வந்தது. அப்படிச் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தும் சொல்லவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"நாங்களும் அதத்தான் துன்னோம்க்கா. ஒங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு வெக்கல," என்றாள் பச்சையம்மா.

அப்போதுதான் ரத்தினபாய்க்கு அது உறைத்தது. "தாம்பரத்துல எனக்கு ஒரு மாலை போட்டீங்களே. அது எந்தக் காய்?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "வேற எங்கக்கா போவேன் காய்க்கு?"

நாற்று வாங்கியதைக்கூட ரத்தினபாய் என்றாவது ஒருநாள் பொறுத்திருப்பார். புழுவோடு போராடிச் சலித்துப்போனவர், என்ன செய்வார். ஆனால் அந்த மாலையைத் தன் கழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று வேணாம் வேணாம் என்று கத்தினாரே, அது எப்படி முடிந்தது? அந்தக் குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லையே. அப்படியென்றால் இத்தனை வருஷமாக "அக்கா" என்றதும் அதே குரல்தானே? "இனிமே கத்திரி அனுப்பாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். பச்சையம்மா கொட்டகையிலிருந்த டீயை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவர்கள் கொடுத்த ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் இருந்தே அனுப்பிரியாவுக்குப் போன் செய்தார். "நாளைக்குக் கூட்டத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிடணும்மா."

"ஆன்ட்டி, பிளீஸ். டி.வி. வருது. நாளைக்குப் போய் இதைச் சொன்னா, நாம இவ்வளவு வருஷம் பண்ணது எல்லாம் காலி. அந்தப் பக்கத்து ஆளுங்க இதையே வெச்சு நம்மள கிழிச்சுடுவாங்க. கூட்டம் முடியட்டும். அடுத்த சனிக்கிழமை நானே எல்லா ஃபேமிலிக்கும் சொல்றேன். பிராமிஸ்."

ரத்தினபாய்க்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாரம்தானே. மேடை ஏற மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்தில் அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹால் நிரம்பி வழிந்தது. அனுப்பிரியா மேடையில் மேஜை போட்டு, மூங்கில் தட்டில் வரிக் கத்திரிக்காய்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து நசுக்கினாள். பட்டையை நிறுத்தினாள். அதைக் கேமரா பெரிய திரையில் காட்டியது. ஒரே கோடு.

"இது நம்ம குழு விவசாயி தோட்டத்துக் காய்," என்றாள் அனுப்பிரியா. "என்ன சாப்பிடறோம்னு தெரிஞ்சுக்கறது நம்ம உரிமை."

எல்லாரும் கைதட்டினார்கள்.

அது பொன்னுரங்கத்தின் தோட்டத்துக் காய் இல்லை என்பது அந்த ஹாலில் ரத்தினபாய்க்கும் அனுப்பிரியாவுக்கும் மட்டும்தான் தெரியும். மார்க்கெட்டில் எங்கோ வாங்கிய காயைக் கொண்டுவந்து அந்தப் பெண் மேடையில் வைத்திருக்கிறாள். சொல்லாமல் இருப்பதற்குத்தான் ரத்தினபாய் ஒத்துக்கொண்டார். பொய் சொல்வதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அனுப்பிரியா மேடையில் இருந்து ஒரு தடவை அவரைப் பார்த்தாள். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஆபேலிடம் சொன்னபோது ரத்தினபாய் அழுதுவிட்டார். "அவராவது புழுவுக்குப் பயந்து செஞ்சார். இவ எதுக்குப் பயந்து செஞ்சா?"

"அவளும் அந்தச் சிவப்பு வட்டம் போட்ட போட்டோவுக்குத்தான் பயந்திருப்பா," என்றார் ஆபேல். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாரு."

அடுத்த சனிக்கிழமைக்கு முன்தினமே குழுவில் தகவல் வந்தது. 'மழை காரணமாக இந்த வாரம் கத்திரிக்காய் வரத்து இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கீழே ஒரு கும்பிடு படம். அந்த வாரம் மழையே பெய்யவில்லை.

சனிக்கிழமை காலை, அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் குடும்பங்கள் பையோடு கூடியிருந்தன. ரத்தினபாய் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மைக் ஒன்றும் இல்லை. கவுண்டரில் கண்ணாடி வழியாகப் பேசிப் பழகிய குரல், அது போதும்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. நாலஞ்சு மாசமா நாங்க குடுத்த கத்திரிக்காய் மரபணு மாத்தின காய். நாங்களே சோதிச்சுப் பார்த்துட்டோம். எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. ஆனா சுத்தமான காய்னு உங்ககிட்ட சொன்னது நான்தான். போன வாரம் மேடையில காட்டினது அந்தக் காய் இல்ல. மழையால வரத்து இல்லைங்கறதும் நிஜம் இல்ல."

எந்த விவசாயி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண், "குழந்தைக்கு மசிச்சுக் குடுத்தேனே ஆன்ட்டி," என்று கேட்டாள். ஒருவர் போலீஸுக்குப் போவேன் என்றார். அனுப்பிரியா ஓடிவந்து ரத்தினபாயின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க? என்னை நம்பவே இல்லையா நீங்க? நமக்கு எதிரா இருக்கறவங்க பண்ண முடியாததை நீங்க பண்ணிட்டீங்க."

"நாம எதைக் கேட்டுத் தெருவுல நின்னோமோ, அதை இவங்களுக்குக் குடுக்க வேணாமா அனு?"

அனுப்பிரியா கையை உதறிவிட்டுப் போனாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

ஆனால் ரத்தினபாயின் நெஞ்சில் கடைசியில் குத்தியது அவள் பேச்சு இல்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். ஆரம்பத்திலிருந்து குழுவில் இருப்பவர், எல்லா மனுவிலும் கையெழுத்துப் போட்டவர். "மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தக் காய் இனிமேலும் கிடைக்குமா? புழு இல்லாம ரொம்ப நல்லா இருந்தது. வீட்டுல கேக்கறாங்க."

ரத்தினபாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பஸ் தாம்பரம் வந்து சேர்வதற்குள் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் தொடங்கிய குழு. அதற்குப் பிறகு அது வேறு பெயரில், வேறு விவசாயியோடு நடக்கிறது. கத்திரிக்காய் மட்டும் கொடுப்பதில்லை என்று கேள்வி. பொன்னுரங்கத்தின் தோட்டத்துக்கு நாலைந்து பேர் காரில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்களாம். அவரே செடியை எல்லாம் வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டார். பச்சையம்மா ஒரு தடவை போன் செய்து, "ஊரைக் கூட்டிச் சொல்லுவீங்கன்னு நெனைக்கலக்கா. அவரு சாப்புடவே மாட்டேன்றாரு," என்றாள். தான் யார் பேரையும் சொல்லவில்லை என்று ரத்தினபாய் விளக்கப் பார்த்தார். அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. பொங்கலுக்கு அவள் வரவில்லை.

இப்போது ரத்தினபாய் மற்றவர்களைப் போலவே மார்க்கெட்டில்தான் வாங்குகிறார். எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்பார். திண்டிவனம் என்பார்கள், ஆந்திரா என்பார்கள். எந்தப் பதிலையும் அவர் நம்புவதில்லை. ஆனாலும் கேட்காமல் வருவதில்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்தில், மரபணு மாற்றிய விதைகளை எதிர்த்துக் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் என்று கேள்விப்பட்டார். போகவேண்டாம் என்று ஆபேல் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், "எந்த அமைப்பும்மா?" என்றார். "அமைப்பு ஒண்ணும் இல்ல. முடிச்சூர்," என்று சொல்லிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ மேடை ஏறியவர் பொன்னுரங்கம்.

கொஞ்சம் இளைத்திருந்தார். மாலை எதுவும் இல்லை. ஆனால் மைக்கைப் பிடித்ததும் அதே கணீர்க் குரல். விதை நம்ம கையில இருக்கணும், இன்னைக்கு ஒருத்தன்கிட்ட நாத்துக்குக் கையேந்துனா நாளைக்கு எல்லாத்துக்கும் ஏந்தணும் என்று பேசினார். மண்டபம் அதிரக் கைதட்டியது. அவர் பட்டு உணர்ந்து பேசுகிறாரா, பழைய பேச்சையே பேசுகிறாரா? ரத்தினபாய் அந்தக் குரலை உற்றுக் கேட்டார். பிடிபடவில்லை. கைதட்டவும் இல்லை.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பொன்னுரங்கம் எதிரே வந்தார். விலகிப் போக இடம் இல்லை. இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா எப்டி கீறாரு?" என்று பொன்னுரங்கம் மெல்லக் கேட்டார்.

"நல்லா இருக்கார்."

பேச்சு அவ்வளவுதான். தாம்பரம் பஸ் வந்தது. ரத்தினபாய் ஏறி, பொன்னுரங்கம் நிற்பது தெரியாத பக்கமாகப் பார்த்து ஒரு இடத்தில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டார்.